விமானத்தில் வைஃபை தருகிறார்கள், போன் பேச ஏன் விடுவதில்லை?

விமானத்தில் போன் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடும். "நடுவானத்தில் ஒருத்தர் போனை ஆன் பண்ணினால் போதும், விமானி திசை தெரியாமல் தவிப்பார்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் கட்டுக்கதை. அவ்வளவு ஆபத்து என்றால் காசு வாங்கிக்கொண்டு வைஃபை மட்டும் எப்படித் தருகிறார்கள்?" என்பது எதிர்க்கட்சி. அப்புறம் ஒரு நாள், விமானத்தில் செல்போனுக்குப் பயணிகள் எதிர்ப்பு என்று செய்தி வரும். இன்னொரு நாள், வைஃபை இல்லாத விமானத்தில் ஏற மாட்டேன் என்று யாராவது சொல்வார்கள். இந்த ஆட்களுக்கு என்னதான் வேண்டும் என்று படிப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. கையில் இருக்கும் போன் தரையில் உள்ள டவரைத் தேடுவது ஒன்று. விமானத்துக்குள் இன்டர்நெட் வருவது இன்னொன்று. பக்கத்து சீட்டில் ஒருவர் வாய்விட்டுப் பேசுவது மூன்றாவது. முதலாவது ரேடியோ சமாச்சாரம். இரண்டாவது பெரும்பாலும் காசு சமாச்சாரம். மூன்றாவதில் தொழில்நுட்பம் கொஞ்சம்தான், மனுஷ சுபாவம்தான் அதிகம். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டவர்கள் ஏன் கோபித்துக்கொள்கின்றன

தெருவில் கீரை விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் அவர் தெருவுக்குக் கேட்கும், தாண்டினால் அடுத்த தெருவுக்குக் கொஞ்சம் கேட்கும். நாலு தெரு தள்ளி இன்னொருவர் அதே நேரத்தில் அதே மாதிரி கூவிக்கொண்டு போனாலும் சண்டை வராது. நடுவில் வீடுகள் இருக்கின்றன, தூரம் இருக்கிறது. இப்போது ஒருவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்று கூவினால்? எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கீழே யார் என்ன விற்கிறார் என்பது யாருக்கும் விளங்காது.

செல்போன் வலைப்பின்னல் இப்படித்தான் தெருத்தெருவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு டவர் பார்த்துக்கொள்ளும் நிலப்பரப்புக்கு செல் என்று பெயர். செல்போன் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். போன் நிறுவனத்திடம் இருக்கும் அலைக்கற்றை, அதாவது அரசு அதற்கு ஒதுக்கிக் கொடுத்த அலைவரிசைகள், கொஞ்சம்தான். அதையே ஒரு செல்லில் பயன்படுத்தி, தள்ளி இருக்கும் இன்னொரு செல்லில் மறுபடியும் பயன்படுத்தித்தான் கோடிக்கணக்கான பேருக்குச் சமாளிக்கிறார்கள். ஒரு செல்லின் சத்தம் அடுத்த செல்லுக்குப் போகக்கூடாது என்பதுதான் மொத்த ஏற்பாட்டுக்கும் ஆதாரம்.

10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருக்கும் போன், தண்ணீர் டேங்க் மேல் நிற்கும் ஆள். நடுவில் கட்டடம் இல்லை, மலை இல்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான டவர்களுக்கு நேர்ப்பார்வையில் இருக்கிறது. டவரின் ஆன்டெனாக்களோ தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டவை. வானத்தை நோக்கி அவை பேசுவதில்லை. அதனால் போனுக்குச் சிக்னல் பலவீனமாகக் கிடைக்கும். உடனே அது, டவர் ரொம்ப தூரத்தில் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு தன் சக்தியை எல்லாம் திரட்டிக் கத்த ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் வேறு. ஒரு டவர் பெயர் எழுதிக்கொள்வதற்குள் அடுத்த டவரின் எல்லைக்குள் போயிருக்கும்.

அமெரிக்காவில் பறக்கும் விமானத்தில் செல்போன் பயன்படுத்தத் தடை வந்தது 1991-இல். தடை போட்டது விமானத் துறை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஃப்சிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் போட்டது. காரணமும் இதுதான்: தரையில் இருக்கிற வலைப்பின்னல் குழம்பும். விமானம் விழும் என்று அந்த விதி சொல்லவில்லை.

அப்படியானால் விமானத்துக்கு ஆபத்தே இல்லையா? கொஞ்சம் தொந்தரவு உண்டு. பழைய 2ஜி போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்னால் 'டிடிட் டிடிட்' என்று ஒரு இரைச்சல் வருமே, அதே இரைச்சல் விமானியின் ஹெட்போனிலும் வரலாம். தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் ஒரு எண் அதில் அமுங்கிப்போனால் அது விளையாட்டு இல்லை. நூற்றைம்பது பேர் போனையும் ஆன் பண்ணி வைத்து ஒவ்வொரு விமானத்திலும் சோதித்துப் பார்ப்பதும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் முன்னெச்சரிக்கையாக வேண்டாம் என்றார்கள். அக்டோபர் 2013-இல் அமெரிக்க விமானத் துறையும் அதைத் தொடர்ந்து ஐரோப்பாவும் விதியைத் தளர்த்தின. ஃபிளைட் மோடில் இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும்கூட போனைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஃபிளைட் மோட் என்றால் வேறொன்றுமில்லை, டவரைத் தேடும் ரேடியோவை வாயை மூடச் சொல்வது. வைஃபையையும் புளூடூத்தையும் தனியாக ஆன் பண்ணிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஜனவரி 2022-இல் அமெரிக்காவில் 5ஜி வந்தபோது ஏர் இந்தியா உட்பட சில நிறுவனங்கள் அங்கே போகும் விமானங்களை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அது பயணிகளின் போனால் வந்த வம்பு இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தரையில் நிற்கும் புதிய டவர்களின் அலைவரிசை, விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவியின் அலைவரிசைக்கு நெருக்கமாக இருந்ததால் வந்த பயம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "பார்த்தாயா, போன் ஆபத்து" என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டும் வேறு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஃபிளைட் மோட் கட்டாயம் என்பதற்கு முதல் காரணம் கீழே இருக்கும் டவர்கள். இரண்டாவது காரணம், விமானியின் காதுக்குச் சத்தம் போகக்கூடாது என்ற ஜாக்கிரதை.

விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி டவர்

போன் கத்துவது டவர் தூரத்தில் இருப்பதால்தானே? டவரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால்? அதைத்தான் செய்தார்கள். விமானக் கூரைக்குள் ஒரு மிகச் சிறிய டவரை வைப்பது. இதற்கு பிக்கோசெல் என்று பெயர். டவர் தலைக்கு மேலேயே இருப்பதால் போன் முணுமுணுத்தாலே போதும். அதோடு, தரையிலிருந்து வரும் டவர் சிக்னல்கள் போனுக்குப் புலப்படாமல் மெல்லிய இரைச்சலால் மூடிவிடும் இன்னொரு கருவியும் இருக்கும். போனுக்குத் தெரிகிற ஒரே டவர் விமானத்துக்குள் இருப்பது. அது செயற்கைக்கோள் வழியாகத் தரைக்குப் பேசும்.

மார்ச் 20, 2008 அன்று துபாயிலிருந்து காசாபிளாங்கா போன எமிரேட்ஸ் விமானத்தில் இந்த முறையில் அதிகாரபூர்வமான முதல் செல்போன் அழைப்பு போனது. அந்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியமும் 3,000 மீட்டருக்கு மேலே இதை அனுமதித்து விதி செய்தது. அதாவது "விமானத்தில் செல்போனில் பேச முடியாது" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது பல ஆண்டுகளாகவே முழு உண்மை இல்லை. நம் ஊர் சிம்முக்கே இந்த வசதி உண்டு. 2020-இல் ஜியோ, சில வெளிநாட்டு விமானங்களில் பயன்படுத்தும்படி 499 ரூபாயிலிருந்து ஒருநாள் பேக் விற்க ஆரம்பித்தது. 2024-இல் ஏர்டெல் 195 ரூபாயிலிருந்து கொடுத்தது. டேட்டாவோடு 100 நிமிடம் வெளியே பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

பேக் போடாதவர்களுக்கு இது ரோமிங். விமானத்து டவரும் வெளிநாட்டு டவர் மாதிரிதான் பில் போடும், அதுவும் சும்மா போடாது. அந்த விலைதான் இத்தனை காலம் பேச்சை அடக்கி வைத்திருந்தது என்பது என் எண்ணம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்டர்நெட் எந்த வழியாக ஏறுகிறது

உங்கள் போனுக்கும் விமானத்துக்கும் நடுவில் நடப்பது வீட்டில் நடப்பதேதான். கூரையில் வைஃபை ரௌட்டர்கள் இருக்கின்றன. அதில் வித்தை ஒன்றும் இல்லை. கஷ்டம் எல்லாம் விமானத்துக்கும் தரைக்கும் நடுவில்தான்.

முதல் வழி, தரையில் வானத்தைப் பார்த்த ஆன்டெனாக்களோடு தனி டவர்களைக் கட்டுவது. அமெரிக்காவில் கோகோ என்ற பெயரில் 2008-இல் இது வந்தது. விமானத்தின் வயிற்றில் ஒரு சின்ன ஆன்டெனா போதும் என்பதால் பொருத்துவது சுலபம். ஆனால் தொடக்கத்தில் ஒரு விமானம் முழுவதற்கும் கிடைத்தது அதிகபட்சம் நொடிக்கு 3.1 மெகாபிட். ஐம்பது பேர் சேர்ந்தால் ஆளுக்கு அறுபது கிலோபிட் சொச்சம். அது டயல்-அப் மோடம் காலத்து வேகம். அப்போது பறந்தவர்கள் விமான வைஃபையைத் திட்டியதில் ஆச்சரியமே இல்லை. கடலுக்கு மேலே டவர் கட்ட முடியாது என்ற இன்னொரு குறையும் உண்டு.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். விமான நிலையத்தில் பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்கு அழைத்துப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். சில விமானங்களின் முதுகில் வாலுக்கு முன்னால் ஒரு மேடு தெரியும். அதற்குள் ஒரு ஆன்டெனா இருக்கிறது. பல விமானங்களில் அது மோட்டாரால் திரும்பித் திரும்பி, விமானம் எந்தப் பக்கம் வளைந்தாலும் ஒரே செயற்கைக்கோளைக் குறிபார்த்துக்கொண்டே இருக்கும். அந்த மேடு காற்றைத் தடுக்கும், எடையும் சேரும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதைப் பொருத்த விமானத்தைச் சில நாள் பறக்காமல் நிறுத்த வேண்டும். வைஃபை விலையில் இதெல்லாம் ஒளிந்திருக்கிறது.

அந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது? நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில். அந்த உயரத்தில் இருப்பது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், கீழிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். இதைப் புவிநிலை செயற்கைக்கோள் என்பார்கள். ஒரே ஒரு செயற்கைக்கோள் பூமியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பார்க்கும் என்பது லாபம். தூரம் நஷ்டம். விமானத்திலிருந்து மேலே போய்த் தரைக்கு இறங்க 72,000 கிலோமீட்டர். பதில் வர இன்னொரு 72,000. ஒளி வேகத்தில் போனாலும் அரை நொடி போய்விடும். கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் மேல். இந்தக் காத்திருப்புக்குத் தாமதம் என்று பெயர். வேகம் வேறு, தாமதம் வேறு. நல்ல வேகம் இருந்தாலும் தாமதம் அதிகம் இருந்தால், படம் பார்க்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், பேசுவது மட்டும் இழுபறி. நீங்கள் "ஹலோ" என்று சொல்லிவிட்டு, பதில் காணோமே என்று மறுபடி "ஹலோ" என்பீர்கள், அந்த நேரம் பார்த்து முதல் ஹலோவுக்குப் பதில் வந்து சேரும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று முடியும்.

அண்மைக் காலத்தில் நிலைமையை மாற்றியது தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ஒன்று போனால் இன்னொன்று வரும். விமானத்தின் மேல் தட்டையான ஒரு பலகை. அதில் மோட்டார் இல்லை, அலைகளை மின்னணு முறையிலேயே திருப்பும். தாமதம் வீட்டு பிராட்பேண்ட் அளவுக்கு இறங்கிவிட்டது, வேகம் ஒரு விமானத்துக்கு நூறு மெகாபிட்டைத் தாண்டுகிறது. ஹவாயன் ஏர்லைன்ஸ் 2024-இல் தன் ஏர்பஸ் விமானங்களில் பொருத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் கத்தார் ஏர்வேஸ் தோஹா – லண்டன் பயணத்தில் தொடங்கியது. புவிநிலை ஆட்களும் சும்மா இல்லை. இஸ்ரோ கட்டி, நவம்பர் 2024-இல் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் மேலே போன ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் விமான இன்டர்நெட்டையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நொடிக்கு 48 ஜிகாபிட் கொள்ளளவு.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: விமான இன்டர்நெட் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் போன் இல்லை, எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த ஒரே இணைப்பு. தாமதம் குறைந்த புதிய வழி வந்த பிறகு, வாட்ஸ்அப்பில் பேசுவதும் நடுவானில் சர்வசாதாரணமாக வேலை செய்கிறது.

வேண்டுமா என்று கேட்டால், எவ்வளவு என்று கேட்பார்கள்

பயணிகளுக்கு இன்டர்நெட் வேண்டுமா? விலை சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. இந்தத் துறையின் வரலாறே அதற்குச் சாட்சி.

1984-இல் அமெரிக்காவில் ஏர்ஃபோன் என்ற சேவை வந்தது. முன் சீட்டின் முதுகில் போன் இருக்கும், கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பேசலாம். நிமிடத்துக்கு டாலர் கணக்கில் காசு. எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள், பேசியவர்கள் கொஞ்சம் பேர். செப்டம்பர் 11, 2001 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்திலிருந்து பயணிகள் வீட்டுக்குப் பேசியதில் பெரும்பாலானவை இந்த சீட்டுப் போன்களிலிருந்துதான். செல்போனில் பேசியதாகவே பலர் இன்றும் நினைக்கிறார்கள். 2006-இல் பயணிகள் விமானங்களில் ஏர்ஃபோன் சேவை முடிந்தது.

அதே 2006-இல்தான் போயிங்கின் கனெக்ஷனும் மூடப்பட்டது. செயற்கைக்கோள் வழியாக விமானத்தில் இன்டர்நெட் தருவதற்காக அந்த நிறுவனம் தொடங்கிய சேவை. 2004-இல் ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவின் மியூனிக் – லாஸ் ஏஞ்சல்ஸ் விமானத்தில் முதலில் வந்தது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் கருவி கனம், செலவு அதிகம், கையில் லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் உதவும். ஐபோன் வருவதற்கு முந்தைய ஆண்டு கடையைக் கட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

பிறகு எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. ஆனால் விற்ற விதம் பழையபடியே இருந்தது. 2014-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு பயணிக்கு, கொஞ்சம் மின்னஞ்சல் பார்த்து, ஒரு ஃபைலை அனுப்பியதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் பில் வந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. 30 எம்பி பேக் வாங்கியிருந்தார், அதற்கு மேல் போனதற்கு எம்பி கணக்கில் மீட்டர் ஓடியது. இந்த மாதிரி விலையில் "வேண்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் சாமி என்றுதான் யாரும் சொல்வார்கள்.

விலையை எடுத்துவிட்டால் பதில் மாறுகிறது. அமெரிக்காவில் ஜெட்புளூ விமான நிறுவனம் முதலில் இலவசமாகக் கொடுத்தது. பிப்ரவரி 2023-இல் டெல்டா தன் உறுப்பினர்களுக்கு இலவசம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எக்கானமி பயணிகள் வரை கிரிஸ்ஃபிளையர் என்ற தன் வாடிக்கையாளர் திட்டத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. உறுப்பினராகச் சேரக் காசு கிடையாது, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். அந்தப் பெயரும் மின்னஞ்சலும்தான் விலை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம்.

பேச்சு மட்டும் ஏன் கசக்கிறது

இப்போது மூன்றாவது விஷயம். 1991 தடைக்குச் சொன்ன காரணம் பிக்கோசெல் வந்ததும் தேய்ந்துபோனது. நவம்பர் 2013-இல் எஃப்சிசியின் தலைவராகப் புதிதாக வந்த டாம் வீலர், இந்தப் பழைய விதியை எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனையை முன்வைத்தார். தொழில்நுட்பக் காரணம் போய்விட்டதால் தொழில்நுட்ப ஆணையத்துக்கு இதில் வேலை இல்லை என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் ஊரே திரண்டு எதிர்த்தது. விமானப் பணியாளர் சங்கம் எதிர்த்தது, எங்கள் விமானத்தில் பேச விடமாட்டோம் என்று டெல்டா அறிவித்தது. பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பறக்க எனக்கும் விருப்பமில்லை என்று வீலரே சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் ஜிஎஃப்கே என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து எடுத்த கருத்துக்கணிப்பில் விமானத்தில் பேச அனுமதிப்பதை எதிர்த்தவர்கள் 48 சதவீதம், ஆதரித்தவர்கள் 19 சதவீதம். சுவாரஸ்யம் அடுத்த எண்ணில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ பறந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் எதிர்ப்பு 78 சதவீதம். இந்த வசதியால் அதிகம் பயனடையக்கூடிய ஆட்கள்தான் அதிகம் எதிர்க்கிறார்கள்! வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவர் தான் பேசுவதை நினைக்கிறார். அடிக்கடி பறப்பவர் நடு சீட்டில் மாட்டிக்கொண்டு கேட்பதை நினைக்கிறார்.

ஏன் இந்த வெறுப்பு? பக்கத்தில் இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டால் நாம் இவ்வளவு எரிச்சல்படுவதில்லையே? கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்து, பின்னணியில் உரையாடலை ஓடவிட்டார்கள். இரண்டு பக்கமும் கேட்கும் உரையாடல் அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்டபோது தவறுகள் கூடின. "ஐயையோ, எப்போ?... அப்புறம் அவங்க என்ன சொன்னாங்க?... அந்த அளவுக்கா?" என்று மட்டும் காதில் விழுந்தால், மூளை விடுபட்ட பாதியைத் தானாக நிரப்பப் பார்க்கும். வேண்டாம் என்றாலும் நிறுத்தாது. அதே குரலைப் புரியாதபடி வடிகட்டிப் போட்டபோது அந்தத் தொந்தரவு இல்லை. ஆக, வெறும் சத்தம் காரணம் இல்லை, பாதிக் கதைதான் காரணம்.

சத்தமும் சேர்ந்துகொள்கிறது என்பது வேறு. பறக்கும் விமானத்துக்குள் சுமார் 80 டெசிபல் இரைச்சல் எப்போதும் உண்டு. சுற்றி இரைச்சல் இருந்தால் மனிதக் குரல் தானாகவே உயரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் லொம்பாரின் பெயரில் இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். பேசுபவருக்குத் தான் கத்துவது தெரியாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இரவு பஸ்ஸில் திருநெல்வேலி போகும்போது பின் சீட்டில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரோடு நகைக் கணக்குப் பேசிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பேசக்கூடாது என்று ரயில்வே சொல்வதும் இதனால்தான். ரயிலில் எழுந்து கதவோரம் போய் நிற்கலாம், விமானத்தில் அதுவும் கிடையாது.

2018-இல் அமெரிக்கக் காங்கிரஸ் விமானத் துறைச் சட்டத்திலேயே பயணிகள் விமானத்தில் செல்போன் பேச்சு கூடாது என்று விதி செய்யச் சொல்லி ஒரு பிரிவைச் சேர்த்தது. நவம்பர் 2020-இல் எஃப்சிசி வீலர் காலத்து யோசனையைக் கைவிட்டு ஃபைலை மூடியது. பாருங்கள், 1991-இல் தடை வந்தது டவர்களுக்காக. 2018-இல் சட்டம் தடை கேட்டது காதுகளுக்காக. தடை ஒன்றுதான், காரணம் ஆளே மாறிவிட்டது. இன்றும் பலர் பழைய காரணத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பேச விடலாமே என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பேச்சை அனுமதித்த நாடுகளின் விமானங்களில் அதனால் பாதுகாப்புச் சிக்கல் வந்ததாக உறுதியான சம்பவம் இல்லை என்று அமெரிக்க விமானத் துறையின் ஆய்வே சொன்னது. எமிரேட்ஸில் அடிதடி நடந்ததாகவும் கேள்வி இல்லை. ஆனால் அங்கே ரோமிங் மீட்டர் ஓடியது. எவரும் சுருக்கமாகத்தான் பேசுவார். இலவச வைஃபையும் குறைந்த தாமதமும் சேர்ந்த புதிய விமானத்தில் அந்த மீட்டர் இல்லை. விலை என்ற பூட்டு போய்விட்டது, இனி விதியும் நாகரிகமும்தான் பூட்டு. அதனால்தான் பல நிறுவனங்கள் இன்டர்நெட்டைக் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் பேச்சைத் தடுக்கின்றன, அல்லது வேண்டாம் என்று பணியாளர் வந்து சொல்கிறார். லுஃப்தான்சா போன்ற நிறுவனங்கள் குட்டி டவரை வைத்திருந்தும் பேச்சை மட்டும் அணைத்து வைத்தன. எனக்கு இது சரியான ஏற்பாடாகவே தோன்றுகிறது. அவசரம் என்றால் ஒரு வரி எழுதி அனுப்பலாம், அது யார் தூக்கத்தையும் கெடுக்காது.

நம் வான்வெளியில்

இந்தியா இதில் தாமதமாக வந்த நாடு. பல ஆண்டுகள் வெளிநாட்டு விமானங்கள்கூட நம் எல்லைக்குள் நுழையும்போது வைஃபையை நிறுத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புக் காரணம்தான்: யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்று தெரிய வழி வேண்டும் என்பது அரசின் நிலை. டிசம்பர் 2018-இல் விமானங்களுக்கும் கப்பல்களுக்குமான விதிகள் வந்தன. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு சேவை தரலாம், தொடர்பு இந்தியாவுக்குள் இருக்கும் தரைநிலையம் வழியாகப் போக வேண்டும். மார்ச் 2020-இல் விமானத்துக்குள் வைஃபை தருவதற்கும் வழி திறந்தது. அந்த ஆண்டு விஸ்தாரா வெளிநாட்டுப் பயணங்களில் தொடங்கியது. உள்நாட்டுப் பயணத்தில் முதலில் கொடுத்தது ஏர் இந்தியா, 2025 ஜனவரி 1 முதல், ஏ350, 787-9 மற்றும் சில ஏ321நியோ விமானங்களில் மட்டும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் சின்ன விமானத்தில் எதிர்பார்க்க வேண்டாம். 3,000 மீட்டர் ஏறி, இணைப்பு பிடித்து, கடவுச்சொல் போட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

ஏறுவதற்கு முன்

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்கள். மறந்துவிட்டால், விமானத்தில் பிக்கோசெல் இருந்தால் போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டு ரோமிங் பில் ஏற வாய்ப்புண்டு. போட்டோக்கள் தானாக மேலே ஏறுவதையும் ஆப்கள் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்திவையுங்கள். நீங்கள் தூங்கும்போது 200 எம்பி பேக்கைத் தின்று தீர்ப்பது அவைதான்.

காசு கட்டும் வைஃபை என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. கார்டு விவரத்தை எல்லாம் போட்ட பிறகு வங்கி ஓடிபி கேட்டால், அது எஸ்எம்எஸ்ஸில் வரும். எஸ்எம்எஸ் டவர் வழியாக வரும். போனோ ஃபிளைட் மோடில் இருக்கிறது. வைஃபை வாங்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர டவர் வேண்டும். பேக்கை முன்கூட்டியே விமான நிறுவனத்தின் ஆப்பில் வாங்க முடிந்தால் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அந்த வசதி இல்லை என்றால், ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்பும் வங்கியின் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காசு கட்டுவதற்கு முன்னாலேயே அந்த மின்னஞ்சல் விமான வைஃபையில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.